கழுத்தில் டியூப் வைத்தால் கடைசிக் கட்டமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். வீட்டுப் பூனை மணி, ஆறு வயது. போன மாதம் நாலரை கிலோ, இப்போது நாலு. ஆறு நாளாகச் சாப்பாட்டை முகர்ந்து பார்ப்பதோடு சரி. வேலூரில் ஒரு கிளினிக்கில் சேர்த்து மூன்று நாளாக டிரிப் ஏறுகிறது. இப்போது டாக்டர், கழுத்தில் சின்னதாகத் துளை போட்டு டியூப் வைத்து அதன் வழியாக உணவு கொடுக்கலாம் என்கிறார். வீட்டில் பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. "வாயில்லா ஜீவனை எதுக்கு இம்ச பண்றீங்க, டியூப் வெச்சிட்டா அவ்ளோதான்" என்று அழுகிறாராம். டிரிப்பிலேயே சத்து போகிறதே, போதாதென்றால் நாமே சிரிஞ்சில் ஊட்டிவிடலாமே என்பது இவர் கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். டியூப் வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு வைக்கலாம் என்று டாக்டர் சொன்னால், இன்றைக்கே முடியுமா என்று கேளுங்கள். இருபது வருடத்துக்கு மேலாக இந்த வட்டாரத்தில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்த்து வருகிறேன். டியூப் வைத்துவிட்டோமே என்று நான் வருந்தியது மிகக் குறைவு. இரண்டு நாள் முன்னாலேயே வைத்திருக்கலாமே என்று வருந்தியது பல தடவை.

பாட்டியின் பயம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த வைத்தியசாலை இன்று நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்களை இழுத்துவரும் சி.எம்.சி. ஆஸ்பத்திரியாகி, ஊரே அதைச் சுற்றி வாழ்கிறது. இங்கே சொந்தக்காரர் ஒருவரையாவது ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து பார்க்காத குடும்பம் கிடையாது. மூக்கில் ரைல்ஸ் டியூப் போட்டு நாம் பார்த்த மனிதர்களில் பலர் வயதானவர்கள், நினைவு தப்பியவர்கள், வீடு திரும்பாதவர்கள். அதனால் டியூப் என்றாலே மனதுக்குள் ஒரு சாவு வாசனை. ஆனால் அந்தப் பெரியவர்களை எமனிடம் கொண்டுபோனது அவர்களுடைய நோய். டியூப் அவர்களுக்குக் கஞ்சி கொடுத்தது, அவ்வளவுதான். பாட்டியிடம் இதை நிதானமாக உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு பழைய நம்பிக்கையும் இதற்குள் இருக்கிறது. லங்கணம் பரம ஔஷதம் என்பார்கள். தின்றது செரிக்காத மனிதனுக்கு ஒரு வேளை பட்டினி நல்லதுதான், நானும் அதைச் செய்கிறவன். பூனைக்கு அது பொருந்தாது. பூனையின் உடம்பு அன்றாடம் கறி தின்பதற்கென்றே அமைந்தது. சாப்பாடு நின்றாலும் அதன் ஈரல் புரதத்தை எரிப்பதைக் குறைத்துக்கொள்வதில்லை. வெளியிலிருந்து வராதபோது சொந்தச் சதையையே கரைக்கிறது. கூடவே உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பெல்லாம் ஈரலுக்கு வந்து குவிகிறது, அதை அனுப்பிவைக்க ஈரலால் முடிவதில்லை. சில நாளில் ஈரல் செல்கள் கொழுப்பால் நிரம்பி வேலையை நிறுத்துகின்றன, மஞ்சள் காமாலை வருகிறது. கொழுத்த பூனைக்கு இது சீக்கிரமே வரும். "நல்லா சதையா தானே கீது, நாலு நாள் தாங்கும் சார்" என்று சொல்வார்கள். சதையாக இருக்கும் பூனைதான் தாங்காது.

நான் இதை ஒரு பூனையின் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஆற்காட்டிலிருந்து ஒரு செம்பட்டைப் பூனையைக் கூடையில் வைத்து இட்டுனு வந்தார்கள். காய்ச்சல், சாப்பாடு இல்லை. ஊசி போட்டேன், வைட்டமின் போட்டேன், தினமும் டிரிப் ஏற்றினேன். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. இனிமேல் தானாகச் சாப்பிடும் என்று நானும் சொன்னேன், அவர்களும் நம்பினார்கள். சாப்பிடவில்லை. ஆறாம் நாள் காதைப் புரட்டினேன், உட்புறம் எலுமிச்சைத் தோல் மாதிரி மஞ்சளாக இருந்தது. எட்டாம் நாள் போய்விட்டது. வந்த நோயை நான் குணப்படுத்தியிருந்தேன், பூனையைப் பட்டினி கொன்றது. டியூப் என்கிற எண்ணமே அந்த எட்டு நாளில் எனக்கு வரவில்லை. மணியின் காது மடலின் உட்புறத்தையும் ஈறையும் இன்றைக்கே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஈரலில் கொழுப்பு சேர்ந்த பூனைக்கும் முதல் மருந்து உணவுதான். விடாமல் ஊட்டினால் நிறையப் பூனைகள் மீள்கின்றன.

இனி டிரிப். பாட்டிலின் லேபிளைப் படித்துப் பாருங்கள். ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 100 மில்லியில் 5 கிராம் சர்க்கரை. அரை லிட்டர் பாட்டில் முழுவதும் ஏறினாலும் 25 கிராம், கிடைப்பது சுமார் 85 கலோரி. மணி கூண்டில் சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்கு 190 கலோரி வேண்டும். டிரிப்பிலேயே அதை ஈடுகட்ட நினைத்தால் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் ஏற்ற வேண்டும், நாலு கிலோ உடம்பு அதைத் தாங்காமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ரிங்கர் லாக்டேட் பாட்டிலாக இருந்தால் கலோரி என்று சொல்லிக்கொள்ளவே எதுவும் இல்லை. இரண்டிலும் புரதம் துளிகூடக் கிடையாது. வறண்டுபோன உடம்புக்குத் தண்ணீரும் உப்பும் கொடுக்கத்தான் டிரிப், அதற்கு அது அவசியம்.

190 எப்படி வந்தது என்று கேட்பீர்கள். 2 கிலோவுக்கு மேல் 30 கிலோவுக்குள் இருக்கும் நாய், பூனைக்கு எடையை 30-ஆல் பெருக்கி 70-ஐக் கூட்டினால், ஓய்வில் இருக்கும் உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரி ஏறத்தாழ வந்துவிடும். பத்து கிலோ நாய்க்கு 370, இருபது கிலோவுக்கு 670. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் "காலையில கொஞ்சம் பால் குடிச்சிது" என்பது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். முப்பது மில்லி பசும்பால் ஏறக்குறைய 20 கலோரி. தேவையில் பத்தில் ஒரு பங்கு. அதை நாம் "சாப்பிட்டது" என்ற கணக்கில் எழுதிவிடுகிறோம், நாளும் ஓடிவிடுகிறது. ஒரு நாயோ பூனையோ தன் தேவையளவு சாப்பிடாமல் மூன்று நாள் ஆகிவிட்டால், வீட்டில் கிடந்த நாட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், டியூப் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது. மணிக்கு ஆறு நாள்.

சிரிஞ்சில் ஊட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய. அன்பால்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் வாயை நெம்பிப் பிடித்துச் சிரிஞ்சை அழுத்தும்போது பூனை விழுங்கத் தயாராக இல்லாவிட்டால் அது மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும், அப்புறம் பட்டினியோடு அதையும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். அப்படியே தவறாமல் விழுங்கினாலும், துணியில் சுற்றிப் பிடித்து ஊட்டி ஊட்டி ஒரு நாளைக்கு 190 கலோரியை உள்ளே அனுப்பியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பாதி உங்கள் புடவையில், கால்வாசி அதன் மார்பில். இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. குமட்டல் இருக்கும்போது கட்டாயப்படுத்தி ஊட்டிய உணவைப் பூனை பிறகு வெறுத்துவிடும். அந்த வாசனையே நோயின் வாசனையாக அதன் மண்டையில் பதிந்துவிடும். உடம்பு தேறிய பிறகும் அந்த மீனைத் தொடாது. கிண்ணத்தை வைத்ததும் உதட்டை நக்கிக்கொள்வது, எச்சில் ஒழுகுவது, முகத்தைத் திருப்புவது, கிண்ணத்துக்குப் பக்கத்தில் தரையை மண் மூடுவதுபோல் காலால் பறண்டுவது, இவையெல்லாம் குமட்டலின் அடையாளங்கள். "சாப்பாட்டை மூடி வெச்சு அப்புறமா துன்னும்" என்று வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அப்போது கிண்ணத்தை அந்த இடத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும், குமட்டலுக்கு மருந்து கேட்க வேண்டும். பசியைத் தூண்டும் மாத்திரைகளும் இருக்கின்றன, டாக்டர் சொன்ன அளவில் அவை உதவும். வீட்டு அலமாரியில் இருக்கும் மனித மாத்திரைகளை மட்டும் தொடாதீர்கள். காய்ச்சல் என்று ஒரே ஒரு பாராசிட்டமால் கொடுத்துப் பூனையை இழந்தவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

டியூப் என்றால் ஒரே வகை இல்லை. மூக்கு வழியாகப் போடுவது மிக எளிது. மூக்கில் மரத்துப்போகும் மருந்தைச் சில சொட்டு விட்டு, மெல்லிய டியூபை உணவுக்குழாய் வரை இறக்கி, முகத்தில் தையலோ பசையோ போட்டு நிறுத்துவார்கள். முழு மயக்கம் தேவையில்லை. பச்சைக் குழந்தைகளுக்குப் போடும் இன்ஃபன்ட் பீடிங் டியூப்பே போதும். பூனைக்கு 5 நம்பர். நம் ஊர் சர்ஜிக்கல் கடைகளில் எப்போதும் கிடைக்கும், ஒரு பிளேட் பிரியாணி விலைகூட ஆகாது. ஆனால் அவ்வளவு மெல்லிய துவாரத்தில் தண்ணீர் மாதிரியான உணவுதான் போகும், கொஞ்சம் கெட்டியானால் அடைத்துக்கொள்ளும். தும்மித் தும்மிக் கழற்றிவிடும். ஆஸ்பத்திரியில் இருக்கும் நாலைந்து நாளுக்கு அது நல்லது. வயிற்றில் நேராக வைப்பது, சிறுகுடலில் வைப்பது எல்லாம் உண்டு. உணவுக்குழாயே கெட்டுப்போனவை, மாதக்கணக்கில் டியூப் வேண்டியவை, இவற்றுக்கானது அது. எண்டோஸ்கோப்போ ஆபரேஷனோ வேண்டும், சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரிப் பெரிய இடத்துக்குப் போக வேண்டியிருக்கும். மணிக்கு அதெல்லாம் இப்போது வேண்டாம். ரத்தக் குழாய் வழியாகவே முழு உணவும் கொடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். செலவும் அதிகம், கிருமி ஏறும் ஆபத்தும் அதிகம், குடலுக்கும் வேலை கிடைக்காது. வேறு வழியே இல்லாதபோதுதான் அது.

உங்கள் டாக்டர் சொல்லும் கழுத்து டியூப்தான் பூனைக்கு எனக்கும் பிடித்தது. என்ன நடக்கும் என்று சொல்கிறேன், பாட்டிக்கும் படித்துக் காட்டுங்கள். மணிக்குக் கொஞ்ச நேரம் மயக்கம் கொடுப்பார்கள். வலது பக்கமாகப் படுக்கவைத்து, இடது கழுத்தில் முடியை மழித்துச் சுத்தம் செய்வார்கள். வளைந்த ஒரு இடுக்கியை வாய் வழியாக உணவுக்குழாய்க்குள் விட்டுக் கழுத்தின் பக்கவாட்டில் அதன் நுனியை வெளியே முட்டவைப்பார்கள். தோலில் மேடு தெரியும் இடத்தில், டியூப் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு கீறல். இடுக்கி டியூப்பின் நுனியைக் கவ்வி வாய்க்கு இழுத்துவரும், அங்கிருந்து திருப்பி உணவுக்குழாய்க்குள் இறக்குவார்கள். நுனி நெஞ்சுக்கூட்டுக்குள், வயிற்றின் வாசலுக்கு முன்னாலேயே நிற்க வேண்டும். வயிற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கும். பிறகு விரலில் கயிறு பின்னிக்கொண்டு போவதுபோல் டியூப்பைச் சுற்றித் தையல் போட்டு இறுக்குவார்கள். கடைசியாக ஒரு எக்ஸ்ரே. இந்த எக்ஸ்ரேயை மட்டும் விட்டுவிடச் சம்மதிக்காதீர்கள். டியூப் சரியான இடத்தில் இருக்கிறது என்று படத்தில் பார்த்த பிறகுதான் முதல் சொட்டு உணவு. மொத்தமும் பழகிய கைக்கு கால் மணி, அரை மணி நேர வேலை. 12 அல்லது 14 நம்பர், அதாவது மூக்கு டியூப்பைவிடப் பருமனான டியூப் என்பதால் மிக்சியில் நன்றாக அரைத்து வடிகட்டிய உணவே போகும். தினமும் வாயைப் பிளந்து மாத்திரை திணிக்கும் போராட்டமும் இல்லை, பொடித்துத் தண்ணீரில் கலந்து இதிலேயே விடலாம். பூனை தூங்கும், நடக்கும், ஜன்னலில் உட்கார்ந்து காக்காயைப் பார்க்கும். டியூப் இருக்கும்போதே வாயாலும் சாப்பிடலாம். மயக்கம் நன்றாகத் தெளிந்ததும் அன்றைக்கே உணவு ஆரம்பிக்கலாம்.

ஆரம்பிப்பதில்தான் நிதானம் வேண்டும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கு முதல் நாளே கறிச்சோறு போடமாட்டோம், கஞ்சிதான். அதற்கு உடம்புக்குள் ஒரு காரணம் இருக்கிறது. நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று உணவு இறங்கினால் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் ஓடிவிடும். பாஸ்பரஸ் மிகவும் இறங்கினால் பூனையின் சிவப்பணுக்கள் உடையும், தசை தளரும், இதயம் தடுமாறும். அதனால் முதல் நாள் தேவையில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. நம் பூனை மணிக்கு அந்த நாள் முழுவதற்கும் 50, 60 கலோரி. மறுநாள் 100 போல, அதற்கடுத்த நாள் 140 போல, நாலாம் நாள் 190. மில்லிக்கு ஒரு கலோரி வருகிற மாதிரி உணவைக் கரைத்தால் கணக்கு சுலபம்: முதல் நாள் 50 மில்லி, அதை ஐந்தாகப் பிரித்தால் வேளைக்கு 10 மில்லி. நாலாம் நாள் வேளைக்கு 38 மில்லி. இந்த நாட்களில் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் செலவைப் பார்த்துத் தயங்காதீர்கள். "சீக்கிரம் தேறட்டும்" என்று கூடுதலாக ஒரு சிரிஞ்ச் விடும் கை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். அந்தக் கையை நீங்கள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எதைக் கொடுப்பது? நோயுற்ற நாய், பூனைக்கென்றே டப்பாவில் வரும் கூழ் மாதிரி உணவு, ஹில்ஸ் ஏ/டி, ராயல் கெனின் ரெக்கவரி போன்றவை, முதல் தேர்வு. டப்பாவின் மேல் மொத்தக் கலோரி எழுதியிருக்கும், அதைப் பார்த்துத் தண்ணீர் சேர்க்கலாம். மனிதர்களுக்கான சத்துமாவுப் பானங்களைப் பூனைக்கு நம்பாதீர்கள். பூனைக்கு டாரின், ஆர்ஜினின் என்ற இரண்டும் உணவில் கட்டாயம் வேண்டும். ஆர்ஜினின் இல்லாத உணவு ஒரு வேளை போனாலே அம்மோனியா ஏறிச் சுருண்டு விழும். இட்லிக் கரைசல், தயிர்சாதம், செரலாக், குளுக்கோஸ் தண்ணீர், எல்லாவற்றையும் டியூப்பில் விட்டுப் பார்த்தவர்கள் வந்திருக்கிறார்கள். கடையில் சரக்கு வரும்வரை ஓரிரு நாள் சமாளிக்க வேண்டுமென்றால் தோலில்லாத கோழிக்கறியை உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவுமில்லாமல் வேகவைத்து, வெந்த முட்டையோடு அரைத்து, இரண்டு தடவை வடிகட்டிக் கொடுக்கலாம். அதையே மாதக்கணக்கில் தொடரக்கூடாது.

சத்துவாச்சாரியில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தன் பூனைக்கு டியூப்பில் ஊட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அதைவிட நன்றாக என்னால் சொல்லித்தர முடியாது. சமையலறைத் தரையில் பாய் போட்டு, பூனையை மடியில் நிமிர்ந்தவாக்கில் உட்காரவைத்திருந்தார். பக்கத்தில் வெந்நீர்ச் சொம்புக்குள் நிறுத்திய உணவுச் சிரிஞ்ச். முதலில் கழுத்துக்கட்டைப் பிரித்தார். டியூப் தோலிலிருந்து வெளிவரும் இடத்தில் கறுப்பு மார்க்கரில் நான் போட்டிருந்த கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். ஐந்து மில்லி வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக விட்டார், பூனை இருமுகிறதா என்று கவனித்தார். மணிக்கட்டில் ஒரு சொட்டு உணவை விட்டுச் சூடு பார்த்தார், பேரனுக்குப் பால் பார்த்த மாதிரியே. பிறகு அரை மில்லி, அரை மில்லியாகத் தள்ளினார். பூனை உதட்டை நக்கியதும் நிறுத்தினார், ஒரு நிமிடம் தலையைத் தடவினார், மறுபடி தள்ளினார். இருபது நிமிடம் ஆனது. பாதியிலேயே பூனை சுகமாகக் குர்குர் என்று சத்தம் போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிட்டது. கடைசியில் மறுபடி தண்ணீர், மூடி, கட்டு. எழுந்துபோய்ப் பழைய வருகைப் பதிவேடு ஒன்றில் நேரம், மில்லி, வாந்தி உண்டா இல்லையா, எடை என்று கட்டம் போட்டு எழுதினார். அந்தப் பதிவேட்டைப் பார்த்து நான் மருந்தை மாற்றியிருக்கிறேன்.

நம் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சகஜம். அரைத்த கறி மேடைமேல் ஒரு மணி நேரம் இருந்தால் கெட்டுவிடும். ஃபிரிட்ஜில் வையுங்கள், அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள், மிஞ்சியதைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள், மறுநாளுக்குப் புதிதாக அரையுங்கள். கரண்ட் போய் வெகுநேரம் வரவில்லையென்றால் கொட்டிவிடுங்கள். அதே வெயிலில் ஈயும் அதிகம். கழுத்துத் துளையில் கசிவு இருந்து கட்டுத் திறந்து கிடந்தால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும், இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. முதல் வாரம் தினமும் கட்டைப் பிரித்து, டாக்டர் கொடுத்த மருந்தால் துடைத்து, உலர்ந்த புதுக் கட்டுப் போடுங்கள். மஞ்சள், தேங்காயெண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். சிவந்து வீங்கினாலோ, சீழோ நாற்றமோ இருந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். துளையில் கிருமி பிடிப்பதுதான் இந்த டியூப்பில் அடிக்கடி வரும் தொல்லை, பெரும்பாலும் சுத்தம் செய்து மருந்து கொடுத்தாலே அடங்கிவிடும்.

அடைத்துக்கொண்டால் வெந்நீரை விட்டு மெதுவாக இழுத்து, தள்ளிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் கொஞ்சம் கோலா பானத்தை டியூப்பில் நிரப்பிப் பத்து, பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி முயலலாம். கம்பி விடக்கூடாது, பலங்கொண்டு அழுத்தவும் கூடாது. வாந்தியெடுத்து டியூப்பின் நுனி வாய்க்குள் தெரிந்தால் எதையும் உள்ளே விடாமல் நேராகக் கிளினிக்குக்கு வாருங்கள். டியூப் முழுவதும் கழன்று விழுந்தாலும் நீங்களே திரும்பச் செருக வேண்டாம்.

நாய் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கும் கொஞ்சம். பார்வோ வைரஸ் தாக்கி வாந்தியும் பேதியுமாகக் கிடக்கும் குட்டிக்கு வாந்தி நிற்கும்வரை வாயில் எதுவும் படக்கூடாது என்றுதான் நாங்களும் படித்தோம். 2003-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. முப்பது பார்வோ நாய்களில் பாதிக்குப் பழைய முறைப்படி பட்டினி, பாதிக்குச் சேர்த்த 12 மணி நேரத்திலேயே மூக்கு டியூப்பில் கொஞ்சம் கொஞ்சமாக உணவு. உணவு கிடைத்த பதினைந்தும் பிழைத்தன, மற்றதில் இரண்டு இறந்தன. சிறிய ஆய்வுதான், இரண்டு உயிர் வித்தியாசத்தை வைத்து அடித்துப் பேச முடியாது. ஆனால் உணவு கிடைத்தவை ஒரு நாள் முன்னதாகத் தெளிந்தன, எடையும் போட்டன. குடலின் உட்சுவர் தன் உணவில் பெரும்பகுதியைக் குடலுக்குள் வரும் சாப்பாட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பட்டினி போட்டால் அந்தச் சுவர் மெலிந்து, கிருமி ரத்தத்துக்குள் கடக்க வழி கிடைக்கிறது. கணைய வீக்கத்துக்கும் இப்போது இதே வழிதான்: வாந்தியை மருந்தால் அடக்கு, சீக்கிரம் உணவை ஆரம்பி.

உண்ணிக் காய்ச்சல் நம் மாவட்டத்தில் வருடம் முழுக்க இருக்கிறது. அதில் ரத்தத் தட்டணுக்கள் இறங்கியிருக்கும். அந்த நாய்க்கு மூக்கில் டியூப் நுழைத்தால் மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வரலாம், முதலில் ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பெங்களூர் ஹைவேயில் அடிபட்டுத் தாடை உடைந்து வரும் நாய்க்கு நேர்மாறாகக் கழுத்து டியூப் வரப்பிரசாதம். தாடை கூடும்வரை வாய்க்கு ஓய்வு, வயிற்றுக்குச் சோறு.

டியூப் வைக்கக்கூடாத நேரமும் உண்டு. நினைவில்லாமல் கிடப்பது, விழுங்கும் உணர்வே இல்லாதது, அடக்க முடியாத வாந்தி, உடம்பு சில்லிட்டு ரத்த அழுத்தம் இறங்கியிருப்பது, இவற்றிலெல்லாம் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். டிரிப், சூடு, உப்புச் சமநிலை, பிறகு உணவு. தீராத நோயின் முடிவில் இருக்கும் கிழட்டு நாய்க்கு டியூப் போட்டு நாட்களை நீட்டுவதை நானும் ஆதரிப்பதில்லை. பாட்டி சொல்லும் இம்சை என்ற சொல் அங்கே பொருந்தும். அதனால் உங்கள் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: மணிக்கு என்ன நோய், அது சரியாகக்கூடியதா, எத்தனை நாளுக்கு டியூப் தேவைப்படும் என்று நினைக்கிறீர்கள்? சரியாகக்கூடியது என்று அவர் சொன்னால், ஆறு வயதுப் பூனைக்குத் தயங்க ஒன்றுமில்லை.

எப்போது எடுப்பது என்பதில் அவசரம் வேண்டாம். ஒவ்வொரு வேளையும் முதலில் வாய்க்கு ஒரு சிறிய கிண்ணத்தில் கொஞ்சம் வையுங்கள். குமட்டல் அடையாளம் தெரிந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டு வாய் தின்றால் அந்தக் கலோரியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை டியூப்பில் விடுங்கள். வாயாலேயே முழுத் தேவையையும் சாப்பிட்டு, ஒரு வாரமாவது எடை இறங்காமல் நின்ற பிறகுதான் கழற்ற வேண்டும். ஈரல் கெட்ட பூனைகளுக்கு இது மூன்று வாரமோ ஆறு வாரமோ ஆகும். கழற்ற மயக்கம் வேண்டாம். தையலை வெட்டி இழுத்தால் வந்துவிடும், துளைக்குத் தையல் போடுவதில்லை, லேசாக ஒரு கட்டு மட்டும். ஒன்றிரண்டு வாரத்தில் தானே மூடிக்கொள்ளும், அப்புறம் அதன்மேல் முடி முளைத்துவிடும். வாத்தியார் வீட்டுப் பூனையின் கழுத்தில் அந்த இடம் எது என்று இப்போது விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.